காத்திருப்போர் குழு

பேர்னாட் கொழும்புத் துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் கொள்கலன்களை எண்ணினார். கப்பலில் இருந்து இறங்குவதையும் லொறியில் ஏறுவதையும் கோடு போட்டுப் பதிவது அவருடைய வேலை. ஓய்வு பெற்ற அடுத்த வருடம் மனைவி கொன்ஸ்ரன்ஸ் இறந்துபோனாள். அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனை வீட்டில் அவர் காலையில் எழுந்து, தேவாலயத்துக்குப் பூசைக்குப் போய், திரும்பி வந்து, அடுத்த நாள் பூசைக்கு நேரமாகும்வரை இருந்தார். மெல்பேர்னில் இருக்கும் மகள் ரொஷேல் இதைத் தொலைபேசியில் இரண்டு வருடம் கேட்டுப் பார்த்தாள். பிறகு முகநூலில் கண்ட ஒரு விளம்பரத்துக்கு அப்பாவைக் கேட்காமலே விண்ணப்பம் அனுப்பினாள். தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசக்கூடிய, மாடிப்படி ஏறக்கூடிய களத் தகவல் சேகரிப்பாளர்கள் தேவை என்று அதில் இருந்தது.

வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், உளநல சமூகப்பணி மேம்பாட்டு ஆய்வு நிலையம் நான்கு மாடிகளில் இயங்கியது. கீழ்மாடியில் மெத்தென்ற சோபாக்களும், ஒரு பெட்டி ரிஷூக் கடதாசியும், 'மனம் திறந்து பேசுங்கள்' என்ற பெரிய படமும் இருந்தன. அந்தப் படத்தைக் கண்ணாடிக் கதவின் வழியே பார்த்துவிட்டு உள்ளே வந்து மனம் திறந்து பேச முயன்றவர்களை வரவேற்பாளர் பணிவாகத் திருப்பி அனுப்பினார். இது ஆய்வு நிலையம், சேவை நிலையம் அல்ல. போகும்போது ஒவ்வொருவருக்கும் மனம் திறந்து பேசுவதன் நன்மைகள் பற்றிய துண்டுப்பிரசுரம் ஒன்று கொடுக்கப்பட்டது.

நேர்முகத்தேர்வை நடத்தியவர் பணிப்பாளர் கலாநிதி முத்துலிங்கம்.

"மனுசரோட பழகின அனுபவம் இருக்கோ, மிஸ்டர் பேர்னாட்?"

"இல்லை டொக்டர். கொன்டெய்னரோடதான்."

"மிச்சம் நல்லது. அனுபவம் உள்ள ஆக்களாலைதான் எங்களுக்குக் கரைச்சல். அவை போற இடமெல்லாம் உதவி செய்ய வெளிக்கிட்டிடுவினம்."

வேலை கிடைத்தது.

ஆய்வு இதுதான். வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்த எண்பது பெண்களை நிலையம் தெரிவு செய்திருந்தது. அவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். 'அ' குழுவில் இருந்த நாற்பது பேரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்ற பட்டதாரிகள் போய், அவர்கள் சொல்வதை எட்டுத் தடவை, தடவைக்கு நாற்பத்தைந்து நிமிடம் கேட்பார்கள். இந்தத் திட்டத்துக்குச் செவிசாய்ப்பு என்று பெயர். 'ஆ' குழுவில் இருந்த நாற்பது பேர் காத்திருப்போர். அவர்களிடம் மாதம் ஒருமுறை துக்கத்தை அளக்கும் இருபத்தேழு கேள்விகள் மட்டும் கேட்கப்படும். ஒரு வருடம் முடிந்து மார்ச் மாதம் வந்ததும் அவர்களுக்கும் செவிசாய்ப்பு வழங்கப்படும். ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்டால் மனம் ஆறுமா என்பதை விஞ்ஞானம் இன்னும் முடிவு செய்யவில்லை என்று கலாநிதி விளக்கினார். அது முடிவாகும்வரை 'ஆ' குழுவில் யாரும் யாரையும் கேட்கக்கூடாது.

மூன்று நாள் பயிற்சி ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. கலாநிதி தொழில் வளர்ச்சி பற்றி ஆரம்ப உரை ஆற்றினார்.

"சமூகப்பணி எண்டது ஒரு ஏணி. சனத்தைச் சந்திக்கிறவர் முதல் படியிலை நிக்கிறார். சனத்தைச் சந்திக்கிறவரைச் சந்திக்கிறவர் அடுத்த படி. அவற்றை அறிக்கையை வாசிக்கிறவர் அதுக்கும் மேலை. நான் கடைசியா ஒரு பாதிக்கப்பட்ட ஆளோட நேரிலை கதைச்சது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு. விடாமல் உழைச்சால் நீங்களும் இந்த உயரத்துக்கு வரலாம்."

பட்டதாரிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பேர்னாட்டும் எழுந்தார்.

அவருக்கு மாளிகாவத்தையிலும் தெமட்டகொடையிலும் பதினொரு பெண்கள் ஒதுக்கப்பட்டார்கள். அதில் ஒருத்தி ஜவாஹிறா. ஐம்பத்தெட்டு வயது. நிலையத்தின் பதிவில் அவளுடைய பெயர் ஆ-17. மாளிகாவத்தைத் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் மூத்த மகன் நுஸ்கியோடும் மருமகள் ஷிம்னாவோடும் இருந்தாள். உணவு டெலிவரி செய்துகொண்டிருந்த இளைய மகன் பாஹிம் தெமட்டகொடைப் பாலத்தடியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்து நான்கு.

பேர்னாட் முதல் தடவை போன அன்று நுஸ்கி புறக்கோட்டைக் கடைக்குப் போயிருந்தான். ஷிம்னா வாசல் கதவை விரியத் திறந்து வைத்து, கதவோரமாக ஒரு கதிரை போட்டாள். ஜவாஹிறா உள்ளே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஷிம்னா குசினிக்குப் போய்க் கிழங்கு சீவினாள்.

கேள்விக்கொத்து வெளிநாட்டில் இருந்து தமிழாக்கம் செய்யப்பட்டு வந்திருந்தது. பேர்னாட் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"கடந்த பதினான்கு நாட்களில் தாங்கள் தன்மதிப்பு வீழ்ச்சியை அனுபவித்தீர்களா?"

ஜவாஹிறா யோசித்தாள்.

"வீழ்ச்சிண்டா விழுறது தானே சேர். படியில ஒருக்கா விழுந்தன். கால்தான் கொஞ்சம் வீங்கிச்சி."

ஒருமுறை என்பதற்கு ஒரு புள்ளி. பேர்னாட் ஒன்று என்று எழுதினார்.

"கடந்த பதினான்கு நாட்களில் இழந்த நபரைப் பற்றிய ஊடுருவும் எண்ணங்கள் தோன்றினவா?"

"பாஹிமப் பத்தியா கேக்குறீங்க?"

அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார் பேர்னாட்.

அவள் தலையணைக்குக் கீழிருந்து கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினாள். தவறிய அழைப்புகள் இரண்டு. பகல் பதினொன்று நாற்பதுக்கு ஒன்று, நாற்பத்தொன்றுக்கு ஒன்று. இரண்டும் விபத்து நடந்த அன்று பாஹிமிடம் இருந்து வந்தவை.

"நான் மீன் வெட்டிட்டு இருந்தன் சேர். கையெல்லாம் மீன். அடிக்கிது, கேக்குது எனக்கு. கையக் கழுவிட்டு எடுப்பமேண்டு விட்டுட்டன். கழுவிட்டு நான் எடுத்தா அவன் ஆன்ஸர் பண்ணல்ல. என்னத்துக்கு எடுத்தான்டு எனக்குத் தெரியா. அதுதான் சேர். வேற ஒண்டுமில்ல. என்னத்துக்கு எடுத்தான்டு தெரியா."

இப்படியான இடத்தில் தகவல் சேகரிப்பாளர் 'நன்றி' என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போக வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். பேர்னாட் அடுத்த கேள்வியைப் பார்த்தார். அது பசியின்மை பற்றியது. அந்த நேரத்தில் பசியின்மை பற்றிக் கேட்பதற்கு அவருக்கு வாய் வரவில்லை. காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவள் பேசினாள். ஒன்றரை மணித்தியாலம் போயிற்று. இடையில் ஷிம்னா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கடைசியில் ஜவாஹிறாவே, "உங்கட கேள்வி மிச்சமிருக்கே சேர்" என்று நினைவுபடுத்தி, மீதி இருபத்தைந்துக்கும் வேகமாகப் பதில் சொன்னாள். எண்பத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு வந்தது.

இரண்டாவது மாதம் அவர் கதிரையில் உட்கார்ந்ததும் அவள் கேட்டாள். "சேர், ஒருவேள பாண் வாங்கிட்டு வரவாண்டு கேக்க எடுத்தீப்பானோ?"

பேர்னாட் யோசித்தார். "இருக்கலாம் தங்கச்சி. பகல் நேரம் தானே."

"ரெண்டு தரம் எடுத்தீக்கானே. பாணுக்கு ரெண்டு தரம் எடுப்பானா?"

"பசி எண்டா எடுப்பான்."

அவள் அதைக் கொஞ்ச நேரம் மனதில் வைத்துப் பார்த்தாள். மூன்றாவது மாதம் வேறொரு காரணம் கண்டுபிடித்திருந்தாள். பாஹிம் அன்று ஷிம்னாவின் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டானாம். அதைச் சொல்லத்தான் எடுத்திருப்பான். குசினியில் இருந்து ஷிம்னா, "எண்ட செருப்பு அவன்ட பாதிக் காலுக்கும் பத்தாது மாமி" என்றாள். ஜவாஹிறா சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே முக்காட்டால் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவரை முதல்முறை அண்ணன் முறையில் 'நாநா' என்று கூப்பிட்டாள்.

நான்காவது மாதம் அவளுடைய புள்ளி பத்தொன்பது.

பேர்னாட்டின் மற்றப் பத்துப் பெண்களுக்கும் இப்படியே இறங்கியது. அவர் இதை நல்ல செய்தி என்று நினைத்து, காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனார். அடுத்த நாள் காலை அவசரக் கூட்டத்துக்கு வரச் சொன்னார்கள்.

புரொஜெக்டரில் இருந்து சுவரில் வரைபடம் ஒன்று விழுந்தது. 'அ' குழுவின் கோடு நேராகப் போனது. பட்டதாரிகள் நாற்பத்தைந்து நிமிடத்தில் முப்பத்தொரு கட்டங்களுக்குச் சரி அடையாளம் போட வேண்டியிருந்ததால் அவர்களால் தலையை நிமிர்த்த முடியவில்லை. 'ஆ' குழுவின் கோடு நான்கு மாதமாகச் சரிந்துகொண்டே இருந்தது. சரிவுக்குக் காரணம் பதினொரு பேர். பதினொரு பேரும் பேர்னாட்டின் ஆட்கள்.

மேசையின் தலைப்பக்கத்தில் கலாநிதி முத்துலிங்கம். பக்கத்தில் ஆய்வு உத்தியோகத்தர் மிதுனா. கிருலப்பனையைச் சேர்ந்தவள், இருபத்தொன்பது வயது, சமூகப்பணியில் முதல் வகுப்பு. இந்த ஆய்வில் இருந்துதான் அவளுடைய கலாநிதிப் பட்டம் வர வேண்டும்.

"மிஸ்டர் பேர்னாட், மறைக்காமல் சொல்லுங்கோ. நீங்கள் அவை சொன்னதைக் கேட்டனீங்களோ?"

"ஓம் டொக்டர். அவங்க கதைச்சாங்க. நான் இருந்தனான்."

"எவ்வளவு நேரம்?"

"அவங்க முடிக்கும்வரை."

கலாநிதி கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படவில்லை. துக்கப்பட்டார்.

"நீங்கள் என்ன செய்திருக்கிறீங்கள் எண்டு உங்களுக்கு விளங்கேல்லை. இந்தப் பொம்பிளையள் எங்களை நம்பி ஒரு வருசம் துக்கமா இருக்கச் சம்மதிச்சு ஒப்பம் போட்டவை. அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு மரியாதை இருக்கு. எட்டு மாசம் கழிச்சு முறைப்படி ஆற வேண்டிய ஆக்களை நீங்கள் முறையில்லாமல் ஆத்திப்போட்டீங்கள். இது உலகத்திலை உள்ள எல்லாத் துக்கப்பட்ட சனத்துக்கும் செய்த துரோகம்."

"ஜவாஹிறா கொஞ்சம் சாப்பிடத் தொடங்கியிருக்கிறா டொக்டர்."

"அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றார் கலாநிதி.

தரவு பழைய நிலைக்குத் திரும்பாவிட்டால் அந்தப் பதினொரு பேரையும் ஆய்வில் இருந்து நீக்க வேண்டி வரும் என்று மிதுனா மெல்லிய குரலில் விளக்கினாள். நீக்கினால் மார்ச் மாதம் அவர்களுக்குச் செவிசாய்ப்புக் கிடைக்காது.

பேர்னாட் இதைக் கவனமாக யோசித்தார். தான் படிக்காத ஆள். கதிரையில் சும்மா இருந்ததற்கே ஜவாஹிறாவுக்கு இவ்வளவு குணம் என்றால், படித்த பிள்ளைகள் முறையாக வந்து எட்டுத் தடவை கேட்டால் எவ்வளவு குணமாகும். அதைத் தன்னால் அவள் இழக்கக்கூடாது. இனிமேல் பங்குபற்றுநர்களின் பேச்சைக் கேட்பதில்லை என்ற உறுதிமொழிப் படிவத்தை மூன்று பிரதிகளில் கையெழுத்திட்டுக் கொடுத்தார்.

கையெழுத்து மட்டும் போதவில்லை. மீள்பயிற்சி இருந்தது. இரண்டு கிழமை அவர் நிலையத்தின் மூன்றாம் மாடியில் கண்ணாடிக்கு முன்னால் இருந்து நடுநிலை முகம் பழகினார். புருவம் உயரக்கூடாது. தலை ஆடக்கூடாது. 'ம்' சொல்வது முற்றாகத் தடை. உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவதும் தடை. கடைசி நாள் பரீட்சை. ஒரு கமெரா அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மிதுனா எதிரே இருந்து மூன்று துயரக் கதைகளை வாசிக்க வேண்டும். முகம் எத்தனை வீதம் அசையவில்லை என்று கணினி சொல்லும்.

முதல் கதை சுனாமி பற்றியது. இரண்டாவது, காணாமற்போன மகன் ஒருவனைப் பற்றியது. அவற்றை அவள் செய்தி வாசிப்பதைப் போல வாசித்தாள். பேர்னாட் சுவரில் இருந்த குளிரூட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கதையை எடுத்தவள் காகிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"போன வருஷம் எங்கட அப்பா ஐசியூல இருந்தார் அங்கிள். அண்டைக்கு எனக்கு ஹோட்டல்ல ஒரு மாநாடு. துயரத்தில குடும்பத்தின்ர பங்கு எண்டு பேப்பர். ஹொஸ்பிட்டல்ல இருந்து கோல் வந்தது. முத்துலிங்கம் டொக்டர் சொன்னார், பேப்பரை முடிச்சிட்டுப் போம் பிள்ளை, இருபது நிமிஷம் தானே எண்டு. நான் முடிச்சிட்டுப் போனன். கேள்வி நேரமும் முடிச்சிட்டுத்தான் போனன்."

அவளுடைய மூக்கின் நுனி சிவந்து வந்தது.

"நான் ஆக்களுக்கு ஏதும் செய்யலாம் எண்டுதான் இந்தப் படிப்புப் படிச்சனான். நாலு வருஷமா ஒரு ஆளோடயும் கதைக்கேல்லை."

பேர்னாட்டின் கை மேசைக்குக் கீழே முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தது. முகத்தை அவர் அசைக்கவில்லை. மார்ச் மாதத்தை நினைத்துக்கொண்டார். அறையில் கணினியின் விசிறி மட்டும் சுற்றியது. மிதுனா ரிஷூவால் கண்ணைத் துடைத்தாள். திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"தொண்ணூற்று நாலு வீதம். பாஸ் அங்கிள். நல்லா செய்தீங்கள்."

"தேங்க் யூ மிஸ்" என்றார் பேர்னாட். வெளியே வந்து, பஸ் ஏறாமல், கடற்கரைத் தண்டவாளத்தோரமாகப் பம்பலப்பிட்டிவரை நடந்தார்.

ஐந்தாவது மாதம் மாளிகாவத்தைக்கு மிதுனாவும் கூட வந்தாள். அவர் கேட்கிறாரா என்று பார்த்துக் குறிப்பது அவளுடைய வேலை. கையில் நேரம் அளக்கும் கருவி இருந்தது.

ஜவாஹிறா வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்க நாநா. இது மகளா?" என்றவள், பதிலுக்குக்கூட நிற்காமல், "நான் யோசிச்சன் நாநா, அவன் எடுத்த நேரம்..." என்று தொடங்கினாள்.

பேர்னாட் கதிரையில் உட்கார்ந்து காகிதத்தை விரித்தார்.

"பங்குபற்றுநர் அவர்களே, கேள்வி ஒன்று. கடந்த பதினான்கு நாட்களில்..."

அவள் பேச்சை நிறுத்திவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு ஷிம்னாவைப் பார்த்தாள். ஷிம்னா குசினி வாசலில் தட்டோடு நின்றாள். தட்டில் மூன்று கோப்பைகள் இருந்தன. தேத்தண்ணீர் அருந்துவதும் இப்போது தடை என்பதால் பேர்னாட் கையால் வேண்டாம் என்று காட்டினார்.

இருபத்தேழு கேள்விகளும் பதினொரு நிமிடத்தில் முடிந்தன. ஜவாஹிறா ஒவ்வொன்றுக்கும் எண்ணை மட்டும் சொன்னாள். அவர் எழும்பியபோது, "நான் பிழையா ஏதும் செல்லிட்டனா சேர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அனுமதி இல்லை. பேர்னாட் 'நன்றி' என்றார். படியிறங்கும்போது மிதுனா அவருக்கு முழுப்புள்ளி போட்டாள். போட்டுவிட்டு இரண்டாம் மாடியில் நின்று, செருப்பு வார் அறுந்தவளைப் போலக் குனிந்து, கொஞ்ச நேரம் நிமிராமல் இருந்தாள்.

ஆறாவது மாதம் புள்ளி நாற்பத்தொன்று. எட்டாவது மாதம் அறுபது. தரவு மீண்டுவிட்டது என்று நிலையத்தில் கேக் வெட்டினார்கள். முதல் துண்டைக் கலாநிதி பேர்னாட்டுக்கு ஊட்டினார். பத்தாவது மாதம் அறுபத்துமூன்று. அந்த முறை ஜவாஹிறா எழுந்துகூட இருக்கவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி மூன்று, மூன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டு போனாள். பேர்னாட் எழுதினார். வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியைப் பார்ப்பார். ஜனவரி. பிப்ரவரி.

மார்ச் முதல் கிழமையில், கடலைப் பார்த்த ஹோட்டல் ஒன்றில் ஆய்வு முடிவு வெளியிடப்பட்டது. 'அ' குழுவின் துக்கம் நான்கு புள்ளி குறைந்திருந்தது. நான்கு புள்ளி தனியே நின்றிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

"ஆனால் ஆ குழு கைவிடேல்லை" என்றார் கலாநிதி மேடையில். "அவை மோசமானபடியாலைதான் எங்கடை வெற்றி இவ்வளவு தெளிவாத் தெரியுது. ஒரு ஆளின்ரை கதையை ஒருத்தரும் கேக்காட்டி அந்த ஆள் எவ்வளவு உடைஞ்சு போகும் எண்டதை எங்கடை நிலையம் தன்ரை சொந்த முயற்சியாலை நிரூபிச்சிருக்கு."

கைதட்டல் நீண்டது. அடுத்த மூன்று வருடங்களுக்கு நிலையம் கடல்மட்ட உயர்வும் மனப்பதற்றமும் என்ற தலைப்பில் வேலை செய்யப்போவதாகவும், உதவி வழங்கும் அமைப்பு அதற்கு ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் அவர் அறிவித்தார். மிதுனா சிரேஷ்ட ஆய்வு உத்தியோகத்தராகப் பதவி உயர்த்தப்பட்டாள். இனி அவள் வெளிக்களத்துக்கே போகத் தேவையில்லை.

கேள்வி நேரத்தில் பேர்னாட் பின்வரிசையில் எழுந்து நின்றார். ஒலிவாங்கி அவரிடம் வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"டொக்டர், மார்ச் வந்திட்டுது. ஆ குழுவுக்கு எப்ப தொடங்குறது?"

கலாநிதி புன்னகைத்தார். "நல்ல கேள்வி. ஆ குழுவுக்கான செவிசாய்ப்பு புதிய திட்டத்தின்ரை நோக்கங்களுக்குள்ளை வரேல்லை. ஆனால் ஒண்டை மறக்கக்கூடாது. அவை ஒரு வருசம் காத்திருந்திருக்கினம். காத்திருக்கிறதே ஒரு திறன். அந்தத் திறனை நாங்கள் அவைக்குக் குடுத்திருக்கிறம். எல்லாருக்கும் சான்றிதழ் அடிச்சிருக்கு."

பேர்னாட் நின்றுகொண்டே இருந்தார். வேறு கேள்வி இல்லாததால் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டு போனார்கள்.

பதினொரு சான்றிதழ்களையும் கொடுத்து முடிப்பதோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. ஜவாஹிறாவின் வீட்டைக் கடைசிக்கு வைத்தார். ஒரு வியாழக்கிழமை பகல், கையில் காகிதக் கட்டு எதுவும் இல்லாமல் மூன்று மாடியும் ஏறினார்.

அவள் இளைத்துப்போயிருந்தாள். சான்றிதழை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். 'ஆ-17 அவர்களின் பெறுமதிமிக்க பங்களிப்பைப் பாராட்டி' என்று பொன் எழுத்தில் இருந்தது.

"என்னத்துக்கு சேர் இது?"

பேர்னாட் சொல்லத் தொடங்கினார். இரண்டு குழு என்றார். கோடு என்றார். கேட்கக்கூடாது என்று சொன்னார்கள், கேட்டால் மார்ச்சில் உங்களுக்குக் கிடைக்காது என்றார்கள், அதனால்தான் அப்படி இருந்தனான், இப்போது மார்ச் வந்தது, இல்லை என்கிறார்கள் என்றார். சொல்லச் சொல்ல, தன் வாயில் இருந்து வருவது ஒரு பைத்தியக்காரக் கதை போல அவருக்கே கேட்டது.

அவள் சான்றிதழைக் கட்டிலில் வைத்தாள்.

"நான் வேற மாதிரி நெனச்சன்" என்றாள். "எண்ட கதயக் கேட்டுக் கேட்டு ஒங்களுக்கும் ஏலாமப் போயிட்டுதுண்டு நெனச்சன். கேக்குறத்துக்கெண்டே வார மனிசனுக்கே ஏலாமப் போனா, வேற ஆரு தாங்குவா? அதுக்குப் பொறகு நான் ஒருத்தருக்கிட்டயும் செல்லல்ல. நுஸ்கிக்கிட்டயும் இல்ல. எல்லாரையும் எதுக்குச் சங்கடப்படுத்த?"

"இப்ப சொல்லுங்க தங்கச்சி. இப்ப எனக்கு ஒரு தடையும் இல்ல. எவ்வளவு நேரம் எண்டாலும் இருப்பன்."

"என்னத்தச் செல்ல சேர். அது முடிஞ்சி."

பேர்னாட்டுக்கு எழும்ப மனம் வரவில்லை. ஏன் என்று தெரியாமலே, கொன்ஸ்ரன்ஸைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கடைசி மூன்று கிழமையும் அவளுக்கு அவர் யாரென்று தெரியவில்லை. துறைமுகத்து ஆள் என்று நினைத்து, 'எங்கட வீட்டு மனிசன் இன்னும் வரேல்லையா, சாப்பாடு ஆறுது' என்று அவரிடமே கேட்டுக்கொண்டிருந்தாள். அவர், 'வந்திடுவார், வந்திடுவார்' என்று பதில் சொன்னார். இதை ரொஷேலுக்குக்கூட அவர் சொன்னதில்லை. ஜவாஹிறா முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டிருந்தாள். ஒரு இடத்தில் 'ம்' என்றாள். தன் மகனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பேர்னாட் அடுத்த வியாழனும் போனார். அதற்கடுத்ததும் போனார். அவள் தேங்காய் விலை பற்றிப் பேசினாள். லிஃப்ட் வேலை செய்யாதது பற்றி, கீழ்வீட்டுக் கலியாணம் பற்றிப் பேசினாள். அவருடைய இரத்த அழுத்தத்தைப் பற்றி விசாரித்தாள். பாஹிம் என்ற பெயர் வரும் இடங்களில், மழைத்தண்ணீர் தேங்கிய ரோட்டில் நடப்பவளைப் போல விலகி நடந்தாள். பேச்சு முடிந்ததும் உள்ளறைக்குப் போய்த் தொலைக்காட்சியைச் சத்தமாகப் போட்டுக்கொண்டாள். ஏப்ரல் போனது. மே போனது.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் அவர் போனபோது அவள் வெளியே வரவேயில்லை. உள்ளே சிங்கள நாடகம் ஒன்று ஓடியது. ஷிம்னா மட்டும் கதவோரம் கதிரையைப் போட்டாள்.

"மாமிக்குக் கொஞ்சம் தலவலி அங்கிள். கொற நெனச்சிக்காதீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவனப் பத்தி மாமி ஒங்களுக்கிட்ட மட்டுந்தான் கதச்சா. நாங்க ஆரும் கேக்கயுமில்ல. கேட்டா அழுவாண்டு பயம். இப்ப இந்த ஊட்டுல அவன்ட பேரச் செல்ல ஒருத்தருமில்ல."

பேர்னாட் கதிரையின் விளிம்பில் இருந்தார்.

"எனக்கும் அவனத் தெரியாது மகள்" என்றார். "அந்த ரெண்டு கோல் மட்டும்தான் தெரியும். எப்படிப்பட்ட பிள்ளை?"

ஷிம்னா உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். நிலத்தில், வாசல்நிலையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"சரியான சோம்பேறி அங்கிள்" என்றாள். "வெள்ளன எழும்பவே மாட்டான். நான் கலியாணம் முடிச்சி வந்த அடுத்த நாள், என்னயப் பாத்து, ஒங்களுக்கு முட்ட ரொட்டி சுடத் தெரியுமாண்டு கேட்டான். தெரியாண்டன். அப்ப வாங்கண்டு சென்னான். குசினிக்குக் கூட்டிட்டுப் போய் அவனே சுட்டுக் காட்டினான். பதினாறு வயசு அப்ப. மூணு முட்டைய நிலத்துல போட்டு ஒடச்சான்..."

உள்ளே தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. யாரும் வெளியே வரவில்லை. ஷிம்னா ஒரு கணம் நிறுத்தினாள்.

"சொல்லுங்க" என்றார் பேர்னாட்.

அவள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லத் தொடங்கினாள்.